ததேயுவின் வலது கை

"சுவர்தான் எனக்கு விரோதி, கோச்," என்றான் ததேயு, நீச்சல் குளத்துக்குள் நின்றபடி.

கரையில் உட்கார்ந்து, மடியில் கிடந்த பிள்ளையைத் தட்டிக்கொண்டிருந்தாள் அமலோற்பவம். ஒரு காலத்தில் மாநிலச் சாம்பியன், இப்போது அவனுடைய பயிற்சியாளர். அவனைவிட மூன்று வயது சின்னவள். அவன் அவளைக் கோச் என்பான். அவள் அவனை அண்ணே என்பாள்.

"சுவர் என்ன செஞ்சுது அண்ணே?"

"அங்கயே நிக்குது."

"பின்ன, நடந்தா வரும்?"

ததேயு நீந்துவது தவளை நீச்சல். டீக்கடையில் "தவளைக்கு ஒரு டீ" என்றுதான் சொல்வார்கள். அதற்கெல்லாம் அவன் வருந்தியதில்லை.

அவன் வருத்தம் வேறு. தவளை நீச்சலில் சுவரை இரண்டு கையும் ஒன்றாகத் தொட வேண்டும். ஒரு கை முந்தினால் நீந்தியதெல்லாம் ரத்து.

மூன்று வருடம், மூன்று மாநிலப் போட்டி. மூன்றிலும் முதலில் வந்தது ததேயு. மூன்றிலும் முந்தியது அவன் வலது கை.

அமலோற்பவம் மூக்கைப் பிடித்துக்கொண்டாள். போட்டி முடிவு அறிவிக்கும் மைக்குக்காரர் அவள் குரலில் வந்து இறங்கிவிட்டார்.

"முதலிடம்ம்ம்... ததேயு. ஒரு சின்னத் திருத்தம். ததேயு தகுதி நீக்கம்."

அச்சு அசல் அதே குரல். ததேயுவுக்குச் சிரிப்பு வந்தது. கண்ணும் கலங்கியது.

"பதக்கம்கூட வேண்டாம் கோச். என் பேரைச் சொல்லிட்டு அந்த மைக் சும்மா இருக்கணும். ஒரே ஒரு தடவை. கனவுலகூட திருத்தம்தான் வருது."

நாளைதான் கடைசிப் போட்டி. திங்கட்கிழமை கப்பல் வேலைக்குப் போகிறான். சுற்றிலும் அவ்வளவு தண்ணீர் இருக்கும். நீந்தத்தான் விடமாட்டார்கள்.

"இந்தக் கையை நான் என்ன செய்ய?"

அமலோற்பவம் எழுந்தாள். தூங்கிய பிள்ளையைத் துண்டில் சுற்றினாள். குளத்தின் விளிம்புக்கு வந்து குனிந்தாள்.

"அண்ணே, பிடிங்க."

கேட்கவெல்லாம் இல்லை. நீட்டினாள், விட்டாள்.

பிள்ளை அவன் கைகளில் இருந்தது. வாயை ஒருமுறை சப்புக்கொட்டிவிட்டுத் தூக்கத்தைத் தொடர்ந்தது.

"எந்தக் கை முந்துச்சு?"

ததேயு தன் கைகளைப் பார்த்தான்.

"தெரியலையே கோச்."

"சரி, குடுங்க. நாளைக்கு வெள்ளனே வந்திருங்க."

மறுநாள் போட்டியில், கடைசிக் கைவீச்சு.

சுவர் வந்தது. வலது கை வழக்கம்போலத் துடித்தது. துடித்துவிட்டு, இடது கைக்காக நின்றது. இரண்டும் சேர்ந்து, தூங்கும் பிள்ளையை வாங்கியதுபோலச் சுவரை வாங்கின.

அதற்குள் பக்கத்து வரிசைகளில் மூன்று பேர் தொட்டுவிட்டார்கள்.

மைக் கரகரத்தது. மூன்று பெயர்களைச் சொன்னது. அப்புறம்,

"நான்காம் இடம்ம்ம்... ததேயு."

ததேயு அசையவில்லை.

மைக் இருமியது. தொண்டையைச் செருமியது.

"ஐந்தாம் இடம்ம்ம்..."

எல்லாரும் கரையேறிவிட்டார்கள். ததேயு மட்டும் இரண்டு உள்ளங்கையையும் சுவரில் வைத்தபடி தண்ணீரில் கிடந்தான்.

நடுவர் குனிந்தார். "தம்பி, கையை எடுத்துட்டு மேல ஏறுப்பா. அடுத்த போட்டி இருக்குல்ல?"

"மெதுவா சார்," என்றான் ததேயு. "முழிச்சிரும்."