ஐப்பசிக் கடல்

“அம்மா, நீங்க எதையோ மறைக்கிறீங்க” என்றார் சிற்சபேசன்.

தையல்நாயகி கீரை ஆய்ந்துகொண்டிருந்தார்.

சுங்க இலாகாவில் முப்பத்திரண்டு வருடம் பிறர் பெட்டிகளைத் திறந்து பார்த்தவர் சிற்சபேசன். வீட்டிலும் அதே பழக்கம். மகனின் பையைத் தினமும் குடைவார். ஒருநாள் மகன் அந்தப் பையை எடுத்துக்கொண்டு போனவன்தான், திரும்பவில்லை.

ஓய்வு பெற்றதும், தன்னைவிட இருபது வயது இளையவரான தையல்நாயகியிடம் சீடராக வந்து சேர்ந்தார். மனக்கசப்போடு வருகிறவர்கள் அவரிடம் பேசிவிட்டு லேசாகத் திரும்பிப் போவதாக ஊரில் சொன்னார்கள்.

சிற்சபேசனுக்கு அதிலும் சந்தேகம்.

“வருஷத்துல மூணு நாலு தடவை ஒரு மூட்டையோட கடற்கரைக்குப் போறீங்க. யாரையும் கூட்டிட்டுப் போறதில்ல. எதுக்கு?”

“நாளைக்குப் போறேன். வாங்களேன்.”

அது பங்குனி மாதம்.

பஸ்ஸைவிட்டு இறங்கி ஒரு மைல் நடந்தார்கள். ஆளில்லாத கரை. ஒரே ஒரு கீற்றுக் குடிசை. கடல் அசையாமல் கிடந்தது.

குடிசையிலிருந்து ஒருவர் காலை இழுத்து இழுத்து வந்தார். பெயர் காத்தமுத்து. தையல்நாயகி மூட்டையைக் கொடுத்தார். இருவரும் மணலில் உட்கார்ந்து கடுங்காப்பி குடித்தார்கள். ஏதோ சொல்லிச் சிரித்தார்கள்.

சிற்சபேசன் தள்ளி நின்று பார்த்தார். யாரும் வராத கரை. வாய் கட்டிய மூட்டை. தனியாக ஒரு ஆள். சுங்க வேலையில் இப்படி எத்தனை பேரைப் பிடித்திருக்கிறார்!

திரும்பும்போது கேட்டார். “யாரு அவரு?”

“தெரிஞ்சவரு.”

அவ்வளவுதான் பதில்.

ஆடியில் மறுபடியும் கிளம்பினார்கள். வழியில் பஸ் நின்றபோது தையல்நாயகி தண்ணீர் குடிக்க இறங்கினார். சிற்சபேசனின் கை தானாக மூட்டைக்குப் போனது.

புழுங்கலரிசி. ஒரு வேட்டி. முட்டிவலித் தைலம். அரிசிக்குள் விரலை விட்டு அடிவரை துழாவினார். அரிசிதான் இருந்தது. அவசரமாகக் கட்டி வைத்தார்.

தையல்நாயகி வந்து மூட்டையை மடியில் எடுத்து வைத்தார். முடிச்சை அவிழ்த்தார். மறுபடியும் தன் வழக்கப்படி போட்டார்.

சிற்சபேசன் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

அன்று கரையில் காற்று மணலை வாரி அடித்தது. கடலில் வெள்ளை வெள்ளையாக நுரை. தையல்நாயகி உட்காரவில்லை. காப்பி வேண்டாம் என்றார். “கால் எப்படி இருக்கு?” என்று கேட்டார். பதில் வருவதற்குள் திரும்பி நடந்தார்.

பங்குனியில் அப்படிச் சிரித்தவர்!

கடத்தல் பங்காளிகளுக்குள் ஏதோ தகராறு என்று சிற்சபேசன் முடிவு கட்டினார்.

ஐப்பசியில் மூன்று நாளாக மழை. “இந்த மழையில போகணுமா?” என்று கேட்டார்.

“இதுலதான் போகணும்.”

கடலின் இரைச்சல் ரோட்டிலேயே கேட்டது. கரையில் இறங்கி, ஒற்றைப் பனைமரத்தைத் தாண்டிக் கொஞ்ச தூரம் போனதும் தையல்நாயகி நின்றுவிட்டார். அங்கே ஒரு பழைய படகு கவிழ்ந்து கிடந்தது. அதன்மேல் கையை ஊன்றிக்கொண்டார்.

குடிசை இன்னும் இருநூறு அடி தள்ளி.

“நீங்க கொண்டுபோய்க் குடுத்துட்டு வாங்க ஐயா.”

“முதல்ல சொல்லுங்க. யாரும்மா அந்த ஆளு?”

“என் தம்பி தங்கையனோட கயித்தை அறுத்தவரு.”

சிற்சபேசன் குடிசைப் பக்கம் திரும்பிப் பார்த்தார்.

“இதே மாதிரி ஒரு ஐப்பசி. தம்பி படகுல இன்ஜின் நின்னுபோச்சு. அவரு தன் படகுல கயிறு கட்டி இழுத்துட்டு வந்தாரு. கரை தெரியற தூரத்துல கயித்தை அறுத்துட்டாரு. தம்பி கரைக்கு வரவேயில்ல. நான் இங்கதான் நின்னு பாத்துட்டிருந்தேன்.”

“அவருக்கா அரிசி சுமக்கிறீங்க?”

“பங்குனியில கடல் குளம் மாதிரி கிடக்கும். அன்னிக்கு யாரை வேணும்னாலும் மன்னிச்சிடலாம்.” தையல்நாயகி அலையைப் பார்த்தபடி சொன்னார். “நீங்க சந்தேகப்பட்டது சரிதான் ஐயா. எனக்கும் என் மேல சந்தேகம்தான்.”

சிற்சபேசன் மூட்டையைத் தூக்கிக்கொண்டு மழையில் நடந்தார்.

காத்தமுத்து குடிசை வாசலிலேயே நின்றிருந்தார். மூட்டையை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார்.

“கயித்தை அறுத்தது நீங்களா?” பழைய அதிகாரக் குரல் சிற்சபேசனுக்குத் தானாக வந்தது.

“நாந்தான். எங்க படகும் கவுந்துடும்போல இருந்துச்சு. அதுல நாலு பேரு.” காத்தமுத்து தலையைக் குனியவில்லை. “அறுத்தது இந்தக் கைதான்.”

“அந்தம்மா காப்பி குடிக்கிறதைப் பாத்து, மனசு ஆறிடுச்சுன்னு நம்பிட்டிருக்கீங்களா?”

“இல்லைங்க.”

“பின்னே?”

காத்தமுத்து மழைக்குக் கையை நெற்றியில் வைத்து மறைத்துக்கொண்டு, கரையோரம் பார்த்தார்.

“முதல் ஐப்பசிக்கு ரோட்டோட நின்னுட்டாங்க. ரொம்ப வருஷம் அங்கதான். போன வருஷம் பனைமரம் வரைக்கும் வந்தாங்க.”

அவர் கவிழ்ந்து கிடந்த படகைக் காட்டினார்.

“இன்னிக்குப் படகுகிட்ட நிக்கிறாங்க.”