மூன்று தடவை கிழிந்த ரப்பர்

"ரிப்பேர் பார்க்கவாம்மா, புதுசா மாத்தவாம்மா?" என்று கேட்டார் அரியநாதன்.

வாரத்துக்கு ஒரு கேள்விதான் அவருக்கு உண்டு. அதைப் போயும் போயும் நீச்சல்குளத்து வால்வுக்குச் செலவழித்தார்.

அந்த மலை ஆசிரமத்தில் யாரும் யாரோடும் பேசக் கூடாது. ஆசிரியை மங்கையிடம் வாரம் ஒருமுறை போய் ஒரு கேள்வி கேட்கலாம். வேலைக்கு வரும் வெளியாட்களிடம் பேசலாம். மற்றபடி மௌனம்.

மனைவி இறந்த பிறகு, இனி யாரோடும் பேச்சு வேண்டாம் என்றுதான் அரியநாதன் அங்கே வந்தார். வந்த பிறகுதான் தெரிந்தது, பேச்சு இல்லாமல் அவரால் இருக்க முடியாது என்று. அதைச் சொல்ல வெட்கம். சொல்லலாம் என்றாலும் யாரிடம் சொல்வது?

முன்பு அது சொகுசு விடுதி. அந்தக் காலத்து நீச்சல்குளம் அப்படியே இருந்தது. முப்பது வருஷம் பம்ப் ஹவுஸ்களில் குப்பை கொட்டியவர் என்பதால் அதைப் பார்த்துக்கொள்ளும் வேலை அவருக்கு.

மங்கைக்கு நாற்பது வயதுகூட ஆகவில்லை.

"இது எத்தனாவது தடவை ஐயா?"

"மூணாவதும்மா. வால்வுக்குள்ள ரப்பர் கிழிஞ்சிருது. ஜெபராஜ் வந்துதான் வேற மாட்டணும்."

ஜெபராஜ் திண்டுக்கல்லிலிருந்து வரும் மெக்கானிக். வேலை அரைமணி நேரம்தான். அரியநாதன் பேச்சுக் கொடுத்து மூன்று மணி நேரம் பிடித்து வைப்பார்.

"புதுசு போட்டா?"

"பத்து வருஷத்துக்குக் கவலையில்ல."

"அப்ப மாத்திரலாமே?"

"இல்லம்மா... ரிப்பேரே போதும்னு தோணுது."

மங்கை எழுந்து மோட்டார் அறைக்கு நடந்தாள். உள்ளே மோட்டார் ஓடிக்கொண்டிருந்தது. வால்விலிருந்து தண்ணீர் கசிந்தது.

"இதை எப்படித் திருப்பணும்? காட்டுங்க."

அவர் கை தானாகப் போய் மோட்டாரை நிறுத்தியது. பிறகு வால்வைத் திருப்பியது.

"ஏன் நிறுத்துனீங்க?"

"ஓடுறப்பத் திருப்புனா ரப்பர் கிழி..."

யானைக்கும் அடி சறுக்கும்தான். அதற்காக ஒரே இடத்தில் மூன்று தடவையா?

மங்கை எதுவும் கேட்கவில்லை. அதுதான் அவருக்குத் தாங்கவில்லை.

"நான்தாம்மா கிழிச்சேன். புது ரக வால்வு, மோட்டார் ஓடுறப்பத் திரும்பவே திரும்பாது. அப்புறம் அவன் எதுக்கு வருவான்? எனக்குப் பேச யாரும்மா இருக்கா?"

அறுபத்திரண்டு வயது மனிதர் விசும்பி அழுதார்.

அழுது முடிக்கும்வரை மங்கை காத்திருந்தாள். பிறகு தன் போனில் ஜெபராஜைக் கூப்பிட்டு அவர் கையில் கொடுத்தாள்.

"ஜெபராஜ், புது வால்வே போட்ரலாம்ப்பா."

"நல்லது சார். நாளைக்கே மாட்டிர்றேன். இனி பத்து வருஷத்துக்கு என் தொல்லை உங்களுக்கு இல்ல!" என்று சிரித்தான் அவன்.

அரியநாதன் போனைத் திருப்பி நீட்டினார். மங்கை வாங்கவில்லை. கைகளைக் கட்டிக்கொண்டு நின்றாள்.

நீட்டிய கை நீட்டியபடி இருந்தது. பிறகு மெல்ல மடங்கிக் காதுக்குப் போனது.

"ஜெபராஜ்... சனிக்கிழமையும் வாயேன்."

"சனிக்கிழமை என்ன சார் வேலை?"

"வேலை ஒண்ணும் இல்லப்பா."