பூஞ்சை என்ற பெயர்

காட்டுக் குளத்தருகே ஓர் எருமை தன் கன்றோடு மேய்ந்து வந்தது. கன்றின் நெற்றியில் வெள்ளைப் புள்ளி இருந்ததால் அதன் பெயர் சுட்டி. எருமையின் முதுகில் எப்போதும் ஒரு கொக்கு நின்று உண்ணி பொறுக்கும்.

குளத்தின் மேல்கரை ஈரமண்ணில் ஒரு பூஞ்சை வாழ்ந்தது. அதன் விதைத்தூள் புல்லோடு எருமையின் வயிற்றுக்குள் போகும். சாணியோடு வெளியே வந்து அங்கேயே முளைக்கும். சாணியில் பொரிக்கும் குடற்புழுக் குஞ்சுகளை நூல்வலையில் சிக்கவைத்துத் தின்றுவிடும். புல்லில் ஏற அவற்றை விடாது.

ஒருநாள் எருமை மண்ணை முகர்ந்து, "பூஞ்சையே, உன்னால்தான் என் பிள்ளை கொழுகொழுவென்று இருக்கிறான்!" என்றது.

கொக்குக்குச் சுருக்கென்றது. 'வெயிலில் கால்கடுக்க நிற்கிறவன் நான்! நன்றி மட்டும் அந்த அழுக்குக்கா?' அன்று அதற்கு உண்ணிகூட ருசிக்கவில்லை.

மறுநாள் சுட்டி மழையில் நனைந்து சோர்ந்து படுத்திருந்தது.

"அக்கா! பிள்ளை பூஞ்சையாகிவிட்டானே!" என்றது கொக்கு.

"என்ன சொல்கிறாய், தம்பி?"

"மெலிந்த உடம்பைப் பூஞ்சை உடம்பு என்றுதானே சொல்கிறோம்? பெயர் சும்மா வருமா? மண்ணில் இருக்கும் பூஞ்சை ஒட்டினால் உடம்பும் பூஞ்சை! கீழ்க்கரைக்குப் போய்விடலாம்."

எருமை பயந்து கன்றை ஓட்டிக்கொண்டு கிளம்பியது.

"எருமையம்மா, அங்கே நான் இல்லையே!" என்று பூஞ்சை கூப்பிட்டது.

"பார்த்தாயா அக்கா, விடமாட்டேன் என்கிறது!" என்றது கொக்கு.

கீழ்க்கரைச் சாணியில் புழுக்கள் பெருகின. மழை ஈரத்தில் புல்நுனிவரை ஏறின. சுட்டி அந்தப் புல்லைத்தான் மேய்ந்தது. அதன் வயிறு ஊதியது. விலா எலும்பு தெரிந்தது. ஒரு காலையில் எழவே முடியவில்லை.

"தம்பி, இது குடற்புழு! நீ பொறுக்குகிறவன்தானே? இவன் வயிற்றிலிருந்து எடு!" என்று எருமை கதறியது.

"தோலுக்கு மேலே இருப்பதைத்தான் நான்..."

"சாணியில் இருப்பதையாவது கொத்து!"

கொக்கு கொத்தியது. குஞ்சுகள் கண்ணுக்கே தெரியவில்லை. அலகில் சாணிதான் ஒட்டியது.

எருமை கன்றை மூக்கால் நெம்பி நெம்பி எழுப்பி, மேல்கரைக்கு நடத்திப் போனது. கொக்கு முதுகில் ஏற வந்தது. ஒரே உதறலில் கீழே விழுந்தது.

"என் பிள்ளையைக் காப்பாற்று, பூஞ்சையே!"

"உள்ளே போனதை என்னால் எடுக்க முடியாது, அம்மா. இனிப் புதிதாக ஏறாமல் பார்த்துக்கொள்கிறேன். மீதியை உன் பால்தான் பார்த்துக்கொள்ள வேண்டும்."

சுட்டி மெல்ல மெல்லத் தேறியது. உண்ணி கிடைக்காத கொக்கு கரையில் தனியாக நின்று ஈர்க்குச்சியாய் மெலிந்தது.

ஒருநாள் சுட்டி அதைப் பார்த்து, "கொக்கு மாமா! நீங்கள் பூஞ்சையாகிவிட்டீர்களே! எந்த மண்ணில் புரண்டீர்கள்?" என்று கேட்டது.

அடுத்தவர் பெற்ற நன்றியைப் பார்த்துப் பொறாமைப்பட்டு அவர் வேலையைக் கெடுப்பவன், தான் நிற்கும் இடத்தையும் இழப்பான்.