செம்புக் கம்பிக் கூடு

குளத்தங்கரை வாகை மரத்தில் சொக்கி என்ற காகம் கூடு கட்டிக்கொண்டிருந்தது. போன வருஷம் அதன் சுள்ளிக் கூட்டைக் காற்று பிய்த்துப் போட்டுவிட்டது. நாலு முட்டையும் உடைந்த சத்தம் இன்னும் அதன் காதை விட்டுப் போகவில்லை.

"இந்தத் தடவை எமனே வந்தாலும் பிரிக்க முடியாத கூடாக் கட்டணும்!" என்று நினைத்தது.

காட்டோரம் ஒரு மோட்டார் கொட்டகை. அங்கே பழைய ஒயரை உரித்து எறிந்திருந்தார்கள். உள்ளே தலைமுடி மாதிரி மெல்லிய செம்புக் கம்பிகள், கொத்தாய்ச் சேர்த்து முறுக்கியவை. வளைத்தால் வளைந்தன, இழுத்தால் அறவில்லை. சொக்கிக்குத் தலைகால் புரியவில்லை. தூக்கி வந்து, முறுக்கைப் பிரித்து, மெத்தை போலப் பரப்பியது.

கீழ்க்கிளை அணில் மூக்கை நீட்டியது.

"என்னக்கா, கூடு கட்டுறியா, கரண்டு இழுக்கப் போறியா?"

"பொறாமையாடி உனக்கு!"

"இல்லக்கா. தேங்காய் நாரு கொண்டுவந்து தரேன், அதைப் போடு. குஞ்சு உதறினா நாரு அந்துடும். இது அறாதே!"

"அறக்கூடாதுன்னுதானே கட்டுறேன்! போடி, போய்க் கொட்டையைக் கொறி!"

மூன்று குஞ்சுகள் பொரிந்தன. ஒரு நாள் பேய்க்காற்று அடித்தது. கிளையே முறிந்துவிடும் போல ஆடியது, கூடு மட்டும் அசையவில்லை.

"பாத்தியாடி!" என்று கத்தியது சொக்கி.

"பாத்தேன்க்கா, நல்லா இருங்க" என்றது அணில்.

இறக்கை முளைத்ததும் இரண்டு குஞ்சுகள் பறந்தன. கடைக்குட்டி எம்பியது, விழுந்தது. மறுபடி எம்பியது, விழுந்தது.

"சோம்பேறிப் பயலே, எழுந்திரு!" என்று அதட்டிக்கொண்டே கிட்டப் போய்ப் பார்த்தது சொக்கி. குஞ்சின் இரண்டு காலையும் சேர்த்துக் கம்பி சுற்றியிருந்தது. உதற உதற இறுகி, தோலுக்குள் புதைந்திருந்தது.

கொத்தியது, இழுத்தது. ஒன்றும் நடக்கவில்லை. வெட்கத்தை விட்டுக் கீழே குரல் கொடுத்தது.

"அடியே, கொஞ்சம் வாயேன்!"

அணில் ஒரு வார்த்தைகூடக் குத்திக் காட்டவில்லை. மூன்று நாள் உட்கார்ந்து, ஈறில் ரத்தம் வர, ஒவ்வொரு கம்பியாகக் கடித்து அறுத்தது.

குட்டி பறந்தது! "பறந்துட்டான்டி!" என்று சொக்கி அழுதது.

ஆனால் கிளையில் இறங்கியபோது, கம்பி இறுக்கியதில் மரத்துப் போன அதன் விரல்கள் மடங்கவில்லை. வழுக்கியது. வேறு கிளைக்குப் போனது. அங்கேயும் வழுக்கியது.

"அம்மா, நான் எங்கே உட்காரட்டும்?"

"தரையில உட்காருடா கண்ணு. அம்மா பூனை வராம பாத்துக்கறேன்" என்று சொல்லி, சொக்கி தானும் கீழே இறங்கி அதன் பக்கத்தில் நின்றது.

பிள்ளைகளுக்காகக் கட்டும் கூடு காற்றைத் தாங்கினால் மட்டும் போதாது, அவர்கள் உதறிவிட்டுப் போகவும் இடம் கொடுக்க வேண்டும்.