ஆவுளியா இல்லாத புல்வெளி

ஒரு விரிகுடாவின் அடியில் பெரிய கடற்புல் வெளி இருந்தது. களவா மீன், கடல்குதிரை, நீலக்கால் நண்டு என்று பலரும் அங்கே குடியிருந்தார்கள். ஆவுளியாவும் இருந்தாள். கரையில் உள்ளவர்கள் கடல் பசு என்பார்களே, அவள்தான். உருவம் பெரிது, குரல் சின்னது. நாள் முழுக்கப் புல்லை வேரோடு பிடுங்கித் தின்பாள். அவள் போன வழியில் தரையில் வகிடு எடுத்தது போல ஒரு தடம் விழும்.

ஒரு நாள் இழுவைப் படகு ஒன்று வந்தது. வலையைத் தரையோடு இழுத்துக்கொண்டு போனது. புல்வெளியின் தென்பாதி வேரோடு போய்விட்டது. வெறும் சேறு மிஞ்சியது.

மறுநாளே கூட்டம் கூடியது. களவாதான் தலைமை. அவர் ஒரு புல்லைக்கூடக் கடித்ததில்லை. புல்லுக்குள் ஒளியும் குஞ்சு மீன்களைத்தான் கடிப்பார். அதனால் புல்மேல் அவருக்கு அளவில்லாத அன்பு.

“மிச்சப் பாதியையாவது காப்பாத்தணும்” என்றார் களவா.

“படகை வரவிடாம பண்ணணும்” என்றது நண்டு.

“நாம சொன்னா படகு கேக்குமா?” என்று மடக்கினார் களவா.

நண்டு கொடுக்கைத் தாழ்த்திக்கொண்டது.

“ஆவுளியா கேப்பா” என்றார் களவா. “ஒரு நாளைக்கு எவ்வளவு புல் திங்கிறா, பாத்தீங்களா? அவ போன தடத்தையும் பாருங்க. வலை போன தடம் மாதிரியே இல்ல?”

கடல்குதிரை ஒரு புல்லில் வாலைச் சுற்றிக்கொண்டு எட்டிப் பார்த்தது. “அப்படித்தான் தெரியுது” என்றது.

கேட்க நியாயமாகத்தான் இருந்தது. அநியாயம் வேறு எப்படிப் பேசும்?

ஆவுளியாவைக் கூப்பிட்டுத் தீர்மானத்தைச் சொன்னார்கள். புல் முழுசாக வளரும்வரை அவள் விரிகுடாவின் வாயில் இருக்கும் பாறைத் திட்டுக்கு வெளியே இருக்க வேண்டும்.

“என் அம்மா இங்கதானே தின்னா. அவ அம்மாவும் தின்னா. அப்பல்லாம் புல் இருந்துச்சுல்ல?” என்று கேட்டாள் ஆவுளியா.

“உனக்குப் புல்மேல ஆசை. எங்களுக்கு அக்கறை. ரெண்டும் வேற வேற” என்றார் களவா.

“நான் மாசமா இருக்கேன் அண்ணே.”

“அப்ப இன்னும் அதிகமாத் திம்பே. அதைத்தான் நாங்களும் சொல்றோம்.”

சிலர் சிரித்தார்கள். ஆவுளியா போய்விட்டாள்.

பாறைக்கு வெளியே கடல் ஆழம். எங்கோ ஒரு மூலையில் மெலிந்த புல் நாலு இழை நிற்கும். ஒரு வாய்க்கு வெகுதூரம் நீந்த வேண்டும். அங்கேதான் அவளுக்குக் குட்டி பிறந்தாள்.

வாடைக் காற்று வீசும் நாட்களில் நீரோட்டம் உள்ளிருந்து வெளியே திரும்பும். புல்லின் வாசத்தையும் கொண்டுவரும். அப்போது ஆவுளியா அசையாமல் அந்தப் பக்கமே முகம் வைத்து மிதப்பாள். வெயில் பட்டு ஆடும் இளம்புல், கடித்தால் இனிக்கும் வேர், வயிற்றை உரசிக்கொண்டு ஓடும் இறால் குஞ்சுகள். எல்லாம் தொட்டுவிடலாம் போல இருக்கும். அந்த வாசம் போன பிறகும் வெகுநேரம் அவள் திரும்ப மாட்டாள்.

“அங்க என்னம்மா இருக்கு?” என்று குட்டி கேட்டாள்.

“நம்ம வீடு.”

“அப்ப ஏன் போகாம இருக்கோம்?”

“நாம போனா அது அழிஞ்சிடுமாம்.”

“நிஜமாவா?”

ஆவுளியாவால் இல்லை என்று சொல்ல முடியவில்லை. கேட்டுக் கேட்டு அவளே பாதி நம்பிவிட்டிருந்தாள். அதுதான் பசியைவிடக் கொடுமை.

அடுத்த வாடைக் காற்றில் எந்த வாசமும் வரவில்லை. அவளுக்குப் பால் வற்றிக்கொண்டிருந்தது. மூச்சுவிட மேலே போகும் குட்டி, கீழே இறங்கத் தெம்பில்லாமல் அம்மாவின் முதுகிலேயே சாய்ந்து கிடந்தாள்.

ஒரு காலையில் அவர்கள் ஒதுங்கியிருந்த ஆழம் குறைந்த வெறும் மணலில் பச்சையாக ஏதோ எட்டிப் பார்த்தது. ஆவுளியா குனிந்து முகர்ந்தாள். உள்ளே இருந்த அதே புல்! வெளியே வந்த புதிதில் அவள் சாணி போட்ட இடம் அது. கடைசியாக அங்கே தின்றபோது வயிற்றோடு வந்த விதை, இங்கே முளைத்திருந்தது.

அவள் வெகுநேரம் அதையே பார்த்தாள். பிறகு குட்டியைக் கூட்டிக்கொண்டு விரிகுடாவுக்குள் போகும் பாறை இடுக்குக்கு நேரே நீந்தினாள்.

இடுக்கில் நண்டு எதிரே வந்தது.

“எங்கடா கிளம்பிட்ட?” என்று கேட்டாள் ஆவுளியா.

“வேற இடம் தேடித்தான் அக்கா. உள்ள இருக்க முடியல.”

“புல் முழுசா வளரலையா?”

“மிச்சப் பாதி வளந்துச்சு. அதான் வினையே. நீயே வந்து பாரு.”

உள்ளே, தின்ன ஆளில்லாத புல் முற்றி ஒன்றன்மேல் ஒன்று சாய்ந்து கிடந்தது. மேலெல்லாம் வழவழவென்று பாசி. வெயில் அடிவரை இறங்கவில்லை. குருத்துகள் கறுத்து அழுகிக்கொண்டிருந்தன. தென்பாதி இன்னும் வெறும் சேறுதான். குஞ்சு மீன்கள் எப்போதோ போய்விட்டன. களவா மெலிந்துபோயிருந்தார்.

“தீர்மானம் இன்னும் இருக்கு” என்றார், சுரத்தில்லாமல்.

“இருக்கட்டும். பசிச்சா அதைத் தின்னுங்க” என்றாள் ஆவுளியா. “என் வாய்க்குள்ள போனதைக் கணக்குப் பாத்தீங்க. வெளியே வந்தது என்னாச்சுன்னு யாராவது பாத்தீங்களா? எனக்கே இன்னைக்குத்தான் தெரிஞ்சுது. நான் இங்க தின்னுட்டு அந்தச் சேத்துல சாணி போட்டிருந்தா, இந்நேரம் அங்க புல் நின்னிருக்கும். என் தடத்துல மறுபடி முளைக்கும். வலைத் தடத்துல முளைச்சுதா? ரெண்டையும் எப்படி ஒண்ணுன்னு சொன்னீங்க?”

“தூரத்துல இருந்து பாத்தா ஒண்ணாத்தான் தெரிஞ்சுது” என்று முனகியது கடல்குதிரை.

“கிட்ட வந்திருக்கலாமே. நான் புல்லைத்தானே கடிக்கிறேன்?”

களவா மெல்ல ஒதுங்கி வழிவிட்டார்.

“அடுத்த கூட்டம் படகைப் பத்தி. நானும் இருப்பேன்” என்று சொல்லிவிட்டு ஆவுளியா பாசி பிடித்த புல்லில் வாயை வைத்தாள். கசந்தது. பிடுங்கினாள். அந்த இடத்தில் ஒரு கீற்று வெயில் தரையைத் தொட்டது.

குட்டியும் ஒரு வாய் கடித்துவிட்டு முகத்தைச் சுளித்தாள். “நீ ஏங்கிக்கிட்டிருந்த புல் இதுதானாம்மா?”

“இது இல்லடி. அது இனிமேதான் வரணும். நீயும் பிடுங்கு.”

ஓர் இடத்தைக் காப்பாற்றப் போகிறோம் என்று சொல்லி, அங்கே வாழ்ந்து அதை வாழவைப்பவர்களை முதலில் விரட்டினால், கடைசியில் காப்பாற்ற அந்த இடமே மிஞ்சாது.