நோர்சங் வீட்டுக் கூரை

கணவாய் மூடிவிட்டால் தார்சுங் கிராமத்துக்கு வெளியே உலகம் என்று ஒன்று கிடையாது. வடக்கே, இமயமலையின் மடிப்பு ஒன்றுக்குள் ஒட்டிக்கொண்டிருக்கும் சின்ன ஊர். முதல் பனி விழுந்ததும் ஆடுமாடுகளைக் கீழ்த்தளத்தில் அடைத்துவிட்டு, மேலே ஒரே அறையில், ஒரே அடுப்பைச் சுற்றி வீட்டார் எல்லோரும் உட்கார்ந்துவிடுவார்கள். பார்லி மாவு, உலர்ந்த டர்னிப், வறட்டிப் புகை. வசந்தம் வரும்வரை அதே முகங்கள்தான்.

வெளியே இறங்கிச் செய்யவேண்டிய வேலை ஒன்றே ஒன்று. கூரையில் விழும் பனியைத் தள்ளவேண்டும். அந்த ஊரின் கூரைகள் எல்லாம் தட்டையான மண் கூரைகள். பனியை அப்படியே விட்டால் உத்தரம் தாங்காது. ஆகவே பொழுது விடிந்ததும் ஒவ்வொரு கூரையிலும் ஓர் ஆள் நிற்பான், கையில் மரப்பலகையோடு. கூரைக்குக் கூரை கூவிப் பேசிக்கொள்வார்கள். கிராமத்தில் அன்றைக்குக் கேட்கும் பேச்சே அவ்வளவுதான்.

அங்ரூப் அந்தப் பேச்சில் சேர்வதில்லை.

அவர் கோவேறுகழுதை ஓட்டிப் பிழைத்தவர். அறுபதைத் தாண்டியவர். மனைவி எப்போதோ போய்விட்டாள். ஒரே மகன், ரிக்சின். போன வருடம் இலையுதிர் காலத்தின் முடிவில் ரிக்சினும் அவன் நண்பன் நோர்சங்கும் கணவாய்க்கு அப்பால் மேய்ந்துகொண்டிருந்த செம்மறிகளை ஓட்டிவரப் போனார்கள். பனி அந்த வருடம் முன்னாலேயே வந்துவிட்டது. நோர்சங் மட்டும் திரும்பி வந்தான். இரண்டு கால்களின் விரல்களும் கறுத்துப் போயிருந்தன. எல்லாவற்றையும் வெட்டவேண்டியிருந்தது.

"ரிக்சினால் நடக்க முடியவில்லை. பாறை இடுக்கில் உட்காரவைத்துவிட்டு ஆள் கூட்டிவர வந்தேன்" என்றான் நோர்சங். ஆனால் அதற்குள் கணவாய் மூடிவிட்டது.

பனி உருகிய பிறகு உடல் கிடைத்தது. நோர்சங் சொன்ன அதே பாறை. ரிக்சினின் உடம்பைச் சுற்றி நோர்சங்கின் மேலங்கி இருந்தது. ஊரில் எல்லோரும் அதைப் பற்றித்தான் பேசினார்கள். அந்தக் குளிரில் தன் அங்கியைக் கழற்றிக் கொடுத்திருக்கிறானே என்றார்கள்.

"அங்கியை விட்டுவிட்டு வந்தான், சரி. அவனும் அங்கே இருந்திருக்கலாமே" என்றார் அங்ரூப். அதற்குப் பிறகு நோர்சங்கைப் பற்றி அவர் யாரிடமும் பேசவில்லை.

ஊருக்கு மேலே, பாறையை ஒட்டி ஒரு பிக்குணி மடம் உண்டு. கணவாய் மூடுவதற்கு முன்பே மற்றவர்கள் கீழ்ப்பள்ளத்தாக்குக்குப் போய்விட, பல்மோ அம்மா மட்டும் அங்கே தங்குவார். அங்ரூப்பைவிட வயதில் மிகவும் சின்னவர். சிறுமியாக மடத்துக்கு வந்தபோது அவரை ஏற்றிவந்ததே அங்ரூப்பின் கழுதைதான். இப்போது அங்ரூப் அவரிடம் சீடராகச் சேர்ந்திருந்தார். காலையில் ஏறிப்போவார். தண்ணீருக்குப் பனிக்கட்டி உடைத்து வருவார், வறட்டி அடுக்குவார், சொல்லிக்கொடுத்த மந்திரத்தைச் சொல்வார். வெளிச்சம் மங்கும்போது வீட்டுக்கு இறங்குவார்.

சேர்ந்த முதல் நாளே அவர் கேட்டது ஒரு கேள்விதான்.

"அம்மா, எனக்குள் இருக்கும் இந்த வெறுப்பு எப்போது நிற்கும்?"

"தண்ணீர் தீர்ந்துவிட்டது, பெரியவரே. பனிக்கட்டி கொண்டுவாருங்கள்" என்றார் பல்மோ அம்மா.

அங்ரூப் கொண்டுவந்தார். மறுபடி ஒரு நாள் கேட்டார். அன்றைக்கும் ஏதோ ஒரு வேலை கிடைத்தது. கொஞ்ச நாளில் கேட்பதை நிறுத்திவிட்டார். ஆனால் கேள்வி எங்கும் போகவில்லை. நோர்சங்கின் வீடு பாதையின் வளைவில் இருந்தது. காலையில் ஏறும்போதும் மாலையில் இறங்கும்போதும் அதைக் கடக்கவேண்டும். கடக்கும்போதெல்லாம் அவருடைய பற்கள் இறுகும். அன்று சொன்ன மந்திரம் முழுவதும் அந்த வளைவில் உதிர்ந்துவிடும்.

குளிர்காலத்தின் நடுவில் பெரும்பனி பிடித்தது. விடாமல் பெய்தது. ஆடுகள் கத்துவதைக்கூட நிறுத்திவிட்டன. வானமும் மலையும் ஒன்றாகிவிட்டன. காலை எது, மாலை எது என்று அடுப்பை வைத்துத்தான் தெரிந்துகொள்ளவேண்டியிருந்தது.

அங்ரூப் தன் கூரையைத் தள்ளிவிட்டு, இடுப்பளவு பனியில் மடத்துக்கு ஏறினார். மடத்தின் கூரையையும் தள்ளினார். பல்மோ அம்மா பக்கத்தில் வந்து நின்றார். அவருக்கு நெஞ்சுச் சளி. மூச்சு விடும்போதே ஒரு சத்தம் கேட்கும்.

கீழே ஊர் தெரிந்தது. தள்ளி முடித்த கூரைகள் மண் நிறத்தில் சதுரம் சதுரமாகக் கிடந்தன.

"எந்தக் கூரை இன்னும் வெள்ளையாக இருக்கிறது?" என்று கேட்டார் பல்மோ அம்மா.

அங்ரூப் பார்க்கவே இல்லை. அவருக்குத் தெரியும்.

"பக்கத்து வீட்டுக்காரன்தான் அவனுக்குத் தள்ளிக்கொடுப்பான்" என்றார்.

"அந்தப் பக்கத்து வீட்டுக்காரனுக்கே காய்ச்சல். எழுந்திருக்கவில்லை."

"வேறு யாராவது செய்வார்கள்."

"அவரவர் கூரையைத் தள்ளி முடிப்பதற்குள் அடுத்த பனி விழுந்துவிடுகிறது. விரல் இல்லாத காலோடு நோர்சங் ஏணி ஏறமுடியாது. அவன் மனைவிக்குக் குழந்தை பிறந்து இன்னும் தீட்டுக்கூடக் கழியவில்லை."

"என்னைப் போகச் சொல்கிறீர்களா?"

"எந்தக் கூரை என்றுதான் கேட்டேன்."

அங்ரூப்பின் குரல் உயர்ந்தது. "விழட்டும், அம்மா. என் பிள்ளை போய் என் வீடு விழுந்தபோது யார் வந்தார்கள்?"

பல்மோ அம்மா அவர் கையிலிருந்த பலகையை வாங்கிக்கொண்டார். சால்வையைக் காதோடு இழுத்துக் கட்டிக்கொண்டு ஏணியில் இறங்கினார். பாதையில் நடந்தார்.

அங்ரூப் அதே இடத்தில் நின்றார். பாதி வழியில் பல்மோ அம்மா குனிந்து இருமுவது தெரிந்தது. பிறகு நிமிர்ந்து நடந்தார். வளைவில் மறைந்தார். கொஞ்ச நேரம் கழித்து அந்த வெள்ளைக் கூரையின் ஓரத்தில் ஒரு கறுப்புப் புள்ளி ஏறியது. பலகையைத் தூக்கியது. ஒரு கை அளவு பனி கீழே விழுந்தது. புள்ளி நின்றது. மறுபடி தூக்கியது.

இப்படியே போனால் இருட்டும்வரை கால்வாசிகூட முடியாது. அது அங்ரூப்புக்குத் தெரிந்தது. அவர் வாய்க்குள் யாரையோ திட்டினார். நோர்சங்கையா, அம்மாவையா, பனியையா என்று அவருக்கே தெரியவில்லை. இறங்கி நடந்தார்.

நோர்சங் வீட்டு ஏணியில் அவர் கால் வைத்தது ஒரு வருடத்துக்குப் பிறகு. முன்பெல்லாம் ரிக்சினைத் தேடி அடிக்கடி ஏறிய ஏணி. மேலே வந்து பல்மோ அம்மாவின் கையிலிருந்து பலகையைப் பிடுங்காத குறையாக வாங்கினார். "நீங்கள் போய் உட்காருங்கள்" என்றார்.

அவர் உட்காரவில்லை. கைகளாலேயே பனியை ஓரத்துக்குத் தள்ளிக்கொண்டிருந்தார்.

பனி பெய்துகொண்டே இருந்தது. தள்ளிய இடமெல்லாம் திரும்பிப் பார்ப்பதற்குள் வெளுத்துவிட்டது. புகைத் துவாரத்தின் வழியாகக் குழந்தை அழும் சத்தம் வந்தது. அப்புறம் ஓர் ஆணின் குரல்.

"யார் மேலே? அம்மாவா?"

பல்மோ அம்மா அங்ரூப்பைப் பார்த்தார். அங்ரூப் பலகையை ஊன்றிக்கொண்டு நின்றார். குரல் இன்னொரு முறை கேட்டது.

"அங்ரூப்" என்றார் அவர்.

பிறகு நோர்சங் பேசினான். பாரம் சுமக்கிறவன் பேசுவதுபோலத் திணறித் திணறி வந்தது குரல்.

"மாமா, தெற்கு மூலையில் மிதிக்காதீர்கள். உத்தரம் விரிசல் விட்டுவிட்டது. நான் தோள் கொடுத்துக்கொண்டிருக்கிறேன்."

அங்ரூப் குனிந்து பார்த்தார். அவருடைய வலது கால் தெற்கு மூலையில்தான் இருந்தது.

மெதுவாகக் காலை எடுத்தார். ஓரமாக மண்டியிட்டு, எட்டி எட்டி, அந்த மூலையின் பனியைப் பலகையால் வழித்தார். கூரை கொஞ்சம் மேலே எழுந்தது. கீழே யாரோ பெருமூச்சு விட்டார்கள்.

முடிந்ததும் இருவரும் இறங்கினார்கள். நோர்சங்கின் மனைவி திஸ்கித் கதவைத் திறந்துகொண்டு நின்றாள். அவளுக்குப் பின்னால், சுவரைப் பிடித்துக்கொண்டு, நோர்சங். தோள்பட்டையில் சட்டை கிழிந்திருந்தது. ரிக்சினின் வயதுதான் அவனுக்கு. பார்ப்பதற்கு அங்ரூப்பின் வயது போலிருந்தது.

"உள்ளே வாருங்கள், மாமா. தேநீர் குடித்துவிட்டுப் போங்கள்."

"வேண்டாம்" என்றார் அங்ரூப்.

பல்மோ அம்மா உள்ளே போய்க் குடித்தார். அவர் வரும்வரை அங்ரூப் வெளியே பனியில் நின்றார்.

அன்று மாலையே பல்மோ அம்மாவுக்கு உடம்பு அனலாகக் காய்ந்தது. மறுநாள் அங்ரூப் போனபோது அவரால் எழுந்திருக்க முடியவில்லை. அங்ரூப் அடுப்பை மூட்டினார். கஞ்சி வைத்துக் கொடுத்தார். அவர் இரண்டு வாய் குடித்துவிட்டுத் திரும்பிப் படுத்துக்கொண்டார். அந்த மூச்சின் சத்தத்தைக் கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார் அங்ரூப். கணவாய் திறந்திருந்தால் கழுதையில் ஏற்றி வைத்தியரிடம் கொண்டுபோயிருப்பார். கணவாய் மூடியிருந்தது. நேற்று முதலிலேயே தான் இறங்கிப் போயிருந்தால் என்ற நினைப்பு வந்தது. அதைச் சொல்ல வாயெடுத்தார்.

"பனி பெய்கிறதா?" என்று கேட்டார் பல்மோ அம்மா.

"பெய்கிறது."

அங்ரூப் கொஞ்ச நேரம் அடுப்பையே பார்த்தார். எழுந்தார். பலகையை எடுத்துக்கொண்டு இறங்கிப் போனார்.

அந்தப் பெரும்பனி முழுக்க அவர் அப்படிப் போனார். யாரும் சொல்லவில்லை. நோர்சங் வீட்டு ஏணியில் ஏறுவார், தள்ளுவார், இறங்குவார். வீட்டுக்குள் எட்டிப்பார்க்கமாட்டார். புதுக் கம்பு ஒன்றை எங்கிருந்தோ கொண்டுவந்து வாசலில் போட்டுவிட்டுப் போனார். மறுநாள் அது விரிந்த உத்தரத்துக்குக் கீழே முட்டுக்கொடுத்து நின்றது. திஸ்கித் தினமும் ஒரு கிண்ணத்தில் வெண்ணெய்த் தேநீர் கொண்டுவந்து கூரை விளிம்பில் வைத்துவிட்டுப் போவாள். அவர் அதைத் தொடமாட்டார். மேலே ஆடை கட்டி, பிறகு உறைந்து, அது அங்கேயே இருக்கும்.

ஒரு நாள் தள்ளிவிட்டு மடத்துக்குத் திரும்பியபோது பல்மோ அம்மா கண் திறந்திருந்தார். கன்னம் ஒட்டிப்போயிருந்தது. பேசுவதற்கு ஒவ்வொரு சொல்லாகத் தேடி எடுக்கவேண்டியிருந்தது.

"போனீர்களா?"

"போனேன்."

"கூரை?"

"நிற்கிறது."

"தேநீர்?"

"வைத்தாள். குடிக்கவில்லை." கொஞ்சம் பொறுத்துச் சொன்னார்: "கவிழ்க்கவும் இல்லை."

பல்மோ அம்மா தலையசைத்தார்.

அங்ரூப் கட்டிலின் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தார். கையுறையைக் கழற்றினார். விரல்கள் வெடித்து ரத்தம் கசிந்திருந்தது.

"அம்மா, உங்களிடம் பொய் சொல்லக்கூடாது. தினமும் போகிறேன். ஆனால் உள்ளே எதுவும் மாறவில்லை. கீழேயிருந்து அவன் குரல் கேட்டால் இப்போதும் பல் இறுகுகிறது. அந்தக் குழந்தை அழுதால் என் பிள்ளை அழுத மாதிரி இருக்கிறது. இன்றைக்குக்கூட, பலகையைப் போட்டுவிட்டுப் போய்விடலாம் என்று பார்த்தேன். எப்போது அம்மா நிற்கும் இது?"

பல்மோ அம்மாவுக்கு இருமல் வந்தது. அங்ரூப் அவர் தலையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டார். இருமல் அடங்கிய பிறகு பல்மோ அம்மா அவரைப் பார்த்தார்.

"இன்றைக்குக் கூரையைத் தள்ளினீர்களே. அப்போது பனி நின்றுவிட்டிருந்ததா?"

"இல்லை. பெய்துகொண்டேதான் இருந்தது."

"பிறகு எப்படித் தள்ளினீர்கள்?"

அங்ரூப் கையுறையை மறுபடி மாட்டிக்கொண்டு, பலகையை எடுத்தார்.