மூன்று முறை சும்மா வந்தவள்

முதல் குழந்தையைக் குறைமாதத்தில் பெற்றவர்கள் மறுபடி உண்டாகிப் பரிசோதனைக்கு வந்தால், எந்தெந்த அறிகுறி கண்டால் உடனே வர வேண்டும் என்று சொல்லி அனுப்ப வேண்டும். அந்த மருத்துவமனையில் அது இரண்டு நர்ஸ்களின் வேலை. ஒருத்தி இசக்கியம்மாள். இன்னொருத்தி ரெஜினா.

இசக்கியம்மாள் கல்லூரியில் முதலாவதாகத் தேறியவள். வயிறு கல்லாக இறுகுவது, விட்டுவிட்டு வரும் இடுப்புவலி, நீர் கசிவது, குழந்தையின் அசைவு குறைவது என்று ஒன்றுவிடாமல் சொல்வாள். "இதெல்லாம் இருந்தா உடனே வரணும். சும்மா சும்மா ஓடி வரக்கூடாது" என்று முடிப்பாள்.

ரெஜினா இரண்டு அரியர் வைத்துத் தேறியவள். எதையாவது மறந்துவிட்டு, ஆட்டோவரை ஓடிப்போய்ச் சொல்லிவிட்டு வருவாள். ஆனாலும் பெண்கள் ரெஜினாவைத்தான் தேடினார்கள். அதைப் பார்க்கிற அன்று இசக்கியம்மாளுக்குச் சாப்பாடு இறங்காது.

ரெஜினா சொல்லி அனுப்பிய பேச்சித்தாய் பத்து நாளில் மூன்று முறை வந்தாள். ஒருமுறை வாயு. ஒருமுறை குழந்தை புரண்டது. ஒருமுறை ஒன்றுமே இல்லை, பயம்.

"ரெஜி, உன் சொந்தக்காரி வந்துட்டா. பாயை விரி" என்றாள் இசக்கியம்மாள்.

நான்காம் முறை வந்தது நிஜ வலி. குழந்தையின் நுரையீரல் வலுப்பெறத் தாய்க்குப் போடும் ஊசிக்கு நேரம் இருந்தது. இரண்டு நாள் கழித்துப் பிறந்த குழந்தை தானாகவே அழுதது. வார்டு சிஸ்டர் அன்னபாக்கியம் எல்லோர் முன்பும் ரெஜினாவின் தோளைத் தட்டினார்.

இசக்கியம்மாள் அவரிடம் தனியாகப் போனாள்.

"அவ பாதியை மறந்துடுறா சிஸ்டர். நான் சொல்லி அனுப்பினவங்க ஒருத்தர்கூட சும்மா வந்ததில்லை. அவளை மட்டும் ஏன் பாராட்டுறீங்க?"

"ஒருத்தர்கூடவா?"

"ஒருத்தர்கூட இல்லை."

அன்னபாக்கியம் வேலைக்குத் திரும்பினார்.

மறுநாள் காலை சொர்ணத்தை ஸ்ட்ரெச்சரில் தள்ளி வந்தார்கள். ஏழாம் மாதம். இசக்கியம்மாள் சொல்லி அனுப்பியவள். ஊசிக்கு நேரமில்லை. கால் மணி நேரத்தில் பிறந்த குழந்தை அழவில்லை. மூச்சுக்கு பம்ப் அடித்தபடியே பச்சிளங்குழந்தைப் பிரிவுக்குத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள்.

எப்போதிருந்து வலி என்று இசக்கியம்மாள் கேட்டாள்.

"நேத்து காலையிலேயே வயிறு கல்லு மாதிரி ஆயிடுச்சு. நீங்க சொன்னது எல்லாம் ஞாபகம் இருந்துச்சு சிஸ்டர். சும்மா வலியா இருந்துட்டா என்ன பண்றதுன்னுதான்..."

சொர்ணத்தின் கையை ரெஜினா பிடித்துக்கொண்டாள். அப்போதும் இசக்கியம்மாளுக்கு அது உறுத்தியது.

வெளியே வந்தாள். அன்னபாக்கியம் கை கழுவிக்கொண்டிருந்தார்.

"நான் எதைச் சொல்லாம விட்டேன் சிஸ்டர்?"

"நீ எதையும் விடலை. ஒண்ணு அதிகமாச் சொல்லிட்டே."